ஹன்டா வைரஸ்: யாருக்கு முற்றும், யாருக்கு அடங்கும்?

கேள்வி இதுதான்: ஹன்டா வைரஸ் தொற்று வந்தவர்களில் சிலருக்கு ஒரு வாரக் காய்ச்சலோடு போய்விடுகிறது. சிலரோ காலையில் தாமே நடந்து வந்து, மறுநாள் வென்டிலேட்டரில் கிடக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் போவார் என்று முதல் நாளே சொல்லிவிடக்கூடிய பரிசோதனை ஏதும் இருக்கிறதா?

அப்படி ஒற்றைப் பரிசோதனை கிடையாது. அதற்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவும் வேண்டியதில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனை, சிறுநீரில் முக்கி எடுக்கும் பட்டை, படுக்கையருகே பார்க்கும் நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைச் சரியான நாளில், திரும்பத் திரும்பப் பார்த்தால் ஓரளவு நன்றாகவே கணிக்கலாம். 'சரியான நாளில்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் ஒரே எண்ணிக்கை காய்ச்சலின் மூன்றாம் நாளில் ஒன்றைச் சொல்லும், எட்டாம் நாளில் வேறொன்றைச் சொல்லும். நாளைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் படிப்பவர்கள்தான் இந்த நோயில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நாளுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, எந்த ஹன்டா வைரஸ் என்பது. இது ஒரே வைரஸ் இல்லை. ஒவ்வொரு வகை எலியும் தனக்கென்று ஒன்றைச் சுமந்து திரிகிற பெரிய குடும்பம். பின்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனி போன்ற நாடுகளில் வோல் என்ற குட்டைவால் எலி பரப்பும் பூமலா வைரஸ் இருக்கிறது. அதில் இறப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. உலகமெங்கும் சாக்கடை எலிகளோடு வாழும் சியோல் வைரஸில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இறக்கிறார்கள். பால்கன் பகுதியின் டோப்ராவா வைரஸில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை. கொரியாவிலும் சீனாவிலும் உள்ள ஹன்டான் வைரஸில் 5 முதல் 15 பேர் வரை என்று பதிவுகள் சொல்கின்றன. வட அமெரிக்காவின் சின் நோம்ப்ரே, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் ஆகிய இரண்டும் வேறு ரகம். நுரையீரலைத் தாக்கிய பிறகு நூற்றுக்கு 35 முதல் 40 பேரைக் கொன்றுவிடுகின்றன. ஆக, மற்ற எந்தப் பரிசோதனையும் எடுப்பதற்கு முன்பே வைரஸின் பெயர் பாதிக் கணிப்பைச் செய்து முடித்துவிடுகிறது. ஒரு வைரஸுக்கென்று கண்டுபிடித்த அளவுகோலை இன்னொன்றின் மேல் அப்படியே வைத்துப் பார்ப்பது தவறு என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

சிறுநீரகத்தைத் தாக்குவது, நுரையீரலைத் தாக்குவது என்ற இந்த நோயின் இரண்டு முகங்களும் வெவ்வேறு காலத்தில்தான் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தன. 1951 முதல் 1953 வரை கொரியப் போரில் ஐ.நா. படையினர் மூவாயிரம் பேருக்கு மேல் காய்ச்சல், இரத்தக் கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று விழுந்தார்கள். அதற்குக் காரணமான கிருமியை 1976இல் வயல் எலியின் நுரையீரலில் கண்டுபிடித்தவர் தென்கொரியாவின் லீ ஹோ வாங். அங்கே ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயரையே வைரஸுக்கு வைத்தார்கள். அப்புறம் 1993இல், அமெரிக்காவில் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களும் சந்திக்கும் பகுதியில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த இளைஞர்கள் மூச்சுத் திணறி ஓரிரு நாளில் இறந்துபோனார்கள். சின் நோம்ப்ரே வெளிப்பட்டது அப்போதுதான். அந்த மருத்துவர்களை உலுக்கியது சாவின் எண்ணிக்கையைவிட அதன் வேகம். உங்கள் கேள்வி அன்றைக்கே பிறந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வைரஸ் இரத்த நாளங்களின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்குள் புகுகிறது. ஆனால் அவற்றைக் கொல்வதில்லை. செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்துபோகிறது. அதைத் தளர்த்துவதில் வைரஸுக்கும் பங்கு உண்டு, அதை விரட்டக் கிளம்பும் நம் எதிர்ப்புச் சக்திக்கும் பங்கு உண்டு. சுவர் தளர்ந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. கசிவு நுரையீரலில் நடந்தால் மூச்சு முட்டும். சிறுநீரகத்தில் நடந்தால் சிறுநீர் நின்றுபோகும். நாம் எடுக்கும் ஒவ்வொரு பரிசோதனையும் இந்தக் கதையின் ஏதோ ஓர் இடத்தைத்தான் எட்டிப் பார்க்கிறது. ஹீமடோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, கூடினாலோ, ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைந்தாலோ கசிவு நடக்கிறது என்று பொருள். பிளேட்லெட் குறைந்தால் அவை செலவாகிக்கொண்டிருக்கின்றன. லாக்டேட் என்ற வேதிப்பொருள் இரத்தத்தில் ஏறினால் உடலின் திசுக்களுக்கு இரத்தம் போதவில்லை.

இனி நாள் கணக்குக்கு வருவோம். நுரையீரலைத் தாக்கும் அமெரிக்க வகையில் முதல் மூன்று முதல் ஆறு நாட்கள் வெறும் காய்ச்சல்தான். தொடை, இடுப்பு, முதுகு போன்ற பெரிய தசைகளில் வலி, தலைவலி, வாந்தி, சில சமயம் வயிற்று வலி. மூக்கொழுகலும் தொண்டை வலியும் பெரும்பாலும் இருக்காது. அந்தக் கட்டத்தில் மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். மருத்துவர் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதன்பின் வறட்டு இருமல், மேல்மூச்சு. அது தொடங்கிய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நிலைமை கைமீறிப் போய்விடலாம். யார் பிழைப்பார் என்பது பெரும்பாலும் அடுத்த ஒன்றிரண்டு நாளில் முடிவாகிவிடும்.

சிறுநீரக வகை இவ்வளவு வேகமில்லை. காய்ச்சல் கட்டம், இரத்த அழுத்தம் விழும் கட்டம், சிறுநீர் குறையும் கட்டம், சிறுநீர் பெருகும் கட்டம், தேறும் கட்டம் என்று ஐந்து படிகளாகப் பாடப்புத்தகங்கள் பிரிக்கின்றன. பூமலாவில் பலருக்கு இரண்டாம் படியே கண்ணில் படாமல் போய்விடும். ஹன்டானில் ஐந்தும் தெளிவாகத் தெரியும். கடுமையான நோயாளிகளில் படிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்: காய்ச்சல் விடுவதற்குள் அழுத்தம் விழும், அழுத்தம் தேறுவதற்குள் சிறுநீர் நிற்கும். படிகள் இப்படி நெருக்கியடித்துக்கொண்டு வருவதே மோசமான அறிகுறி. இன்னொன்றைச் சீன மருத்துவர்கள் அழுத்திச் சொல்வார்கள்: காய்ச்சல் இறங்கும் நேரத்தில் நோயாளி தேறாமல் இன்னும் சோர்ந்தால், அதுதான் ஆபத்து. வீட்டில் இருப்பவர்கள் 'அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது' என்று மூச்சு விடும் அந்தப் பொழுதில்தான் இரத்த அழுத்தம் நழுவுகிறது.

சரி, பிளேட்லெட். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பூமலா தொற்று உள்ள இரண்டு பேரை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் இன்று பிளேட்லெட் 80,000. முதலாமவருக்குக் காய்ச்சலின் மூன்றாம் நாள். நேற்று 1,30,000 இருந்தது. இரண்டாமவருக்கு எட்டாம் நாள். நேற்று 60,000 இருந்தது. அறிக்கைத் தாளில் இருவருக்கும் ஒரே எண், ஒரே சிவப்புக் குறி. ஆனால் முதலாமவர் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறார். அடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு அழுத்தத்தையும் கசிவையும் மணிக்கணக்கில் கவனிக்க வேண்டும். இரண்டாமவருக்குப் பிளேட்லெட் பள்ளத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவருடைய கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) உச்சம் இன்னும் வரவில்லை, ஏனென்றால் பூமலாவில் சிறுநீரக பாதிப்பு பெரும்பாலும் இரண்டாம் வாரத் தொடக்கத்தில்தான் உச்சத்தைத் தொடும். பிளேட்லெட் தேறிவிட்டது என்று அவரை அவசரமாக வீட்டுக்கு அனுப்பினால் வீட்டில் சிறுநீர் குறையத் தொடங்கும்.

ஜெர்மனியில் பூமலா நோயாளிகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, முதலில் பார்க்கும்போதே பிளேட்லெட் 60,000க்குக் கீழ் இருந்தவர்களுக்குப் பின்னால் சிறுநீரகம் கடுமையாகப் பழுதாகும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அதே எல்லைக்கோடு எல்லாக் குழுக்களிலும் அவ்வளவு தெளிவாக விழவில்லை. எனவே 60,000 என்பதைக் கதவடைக்கும் கோடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உஷார்ப்படுத்தும் மணி. 65,000 இருப்பவர் தப்பித்தவர் இல்லை.

நுரையீரல் வகையில் பிளேட்லெட்டோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பது. எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த பரிசோதனை இதுதான். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம், பழகிய கண் போதும். நியூ மெக்சிகோவில் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். பிளேட்லெட் குறைந்திருக்க வேண்டும். இரத்தம் கெட்டிப்பட்டு ஹீமடோக்ரிட் ஏறியிருக்க வேண்டும். வெள்ளையணுக்களில் இன்னும் முதிராத மைலோசைட் போன்ற இளம் அணுக்கள் வெளியே வந்திருக்க வேண்டும். பாக்டீரியாத் தொற்றில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் தெரியும் கரடுமுரடான கருநிறத் துகள்கள் அவ்வளவாக இருக்கக் கூடாது. லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் இம்யூனோபிளாஸ்ட் ஆக மாறியிருக்க வேண்டும். இது பெரிய உருவம், அடர்நீல விளிம்பு, உள்ளே பெரிய உட்கரு என்று ஒருமுறை பார்த்தால் மறக்காத அணு. ஐந்தில் நான்கு சேர்ந்துவிட்டால் ஹன்டா நுரையீரல் நோய் என்று கிட்டத்தட்டத் தயங்காமல் சொல்லிவிடலாம். ஆன்டிபாடி முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கும் நாள்தான் முக்கியம். காய்ச்சல் மட்டும் இருக்கும் முதல் கட்டத்தில் இந்த ஐந்தில் நம்பத்தக்கதாகக் கிடைப்பது பிளேட்லெட் குறைவு ஒன்றுதான். மற்றவை நுரையீரலில் கசிவு தொடங்கும்போது வந்து சேர்கின்றன. ஆகவே காலையில் பிளேட்லெட் மட்டும் குறைந்திருந்தவருக்கு மாலையில் இளம் அணுக்களும் கூடி, ஹீமடோக்ரிட்டும் ஏறினால், அவர் அடுத்த கட்டத்தின் வாசலில் நிற்கிறார் என்று பொருள். நோயைக் கண்டறியும் கருவி முன்கணிப்புக் கருவியாகவும் மாறுவது இப்படித்தான்.

வாசலைத் தாண்டிய பிறகு பார்க்க வேண்டியது இதயத்தை. நுரையீரல் நோய் என்று பெயர் இருப்பதால் ஆக்சிஜன் அளவையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடுமையான நோயாளிகள் பெரும்பாலும் இறப்பது ஆக்சிஜன் பற்றாமல் மட்டும் இல்லை, இதயம் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் போவதால். பாக்டீரியாத் தொற்று முற்றி இரத்த அழுத்தம் விழும் சாதாரண செப்டிக் அதிர்ச்சியில் கைகால் சூடாக இருக்கும், இதயம் வேகமாக அதிக இரத்தத்தைத் தள்ளும். இதில் கைகால் ஜில்லிட்டுப் போகும், இதயத்தின் வெளியேற்றம் குறையும். அதனால்தான் பாட்டில் பாட்டிலாக குளுக்கோஸ் ஏற்றினால் அழுத்தம் ஏறாமல் நுரையீரல்தான் நிரம்பும். லாக்டேட் லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டிவிட்டால், அதிலும் இதய வெளியேற்றமும் விழுந்துகொண்டிருந்தால், வழக்கமான சிகிச்சையில் பிழைப்பது மிகவும் அரிது என்று நியூ மெக்சிகோ மருத்துவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து வகுத்தார்கள். அந்தக் கட்டத்தில் அவர்கள் கையிலெடுத்தது எக்மோ: உடலுக்கு வெளியே இயந்திரம் இரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் முறை. பிழைக்க வாய்ப்பில்லை என்று கருதப்பட்ட 51 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் உயிர் தப்பினார்கள்.

முன்கணிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த உதாரணத்தைத்தான். நிலைமை சரியப்போகிறது என்று தோன்றியவர்களுக்கு, இதயம் தடுமாறுவதற்கு முன்பே தொடையின் இரத்த நாளங்களில் குழாய்களைச் செருகி வைத்துவிடுவார்கள். சரிந்தால் சில நிமிடங்களில் இயந்திரத்தோடு இணைக்கலாம். சரியாவிட்டால் குழாயை எடுத்துவிடலாம். இதயம் நின்றபின் குழாய் தேடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உயிர்தான். மருந்து என்று பார்த்தால், நுரையீரல் வகைக்கு நிரூபிக்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லை. சீனாவில் ஹன்டான் நோயாளிகளுக்கு ஆரம்ப நாட்களில் கொடுத்தபோது ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து இறப்பைக் குறைத்தது; அமெரிக்காவில் நுரையீரல் வகையில் பலன் காட்டவில்லை. சிலியில் 66 பேரிடம் நடந்த சோதனையில் அதிக அளவு ஸ்டீராய்டும் உதவவில்லை. மருந்தால் நோயைத் திருப்ப முடியாதபோது, நோயாளி சரியும் அந்த மணி நேரத்தில் எந்த மருத்துவமனையில், எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்பதே சிகிச்சை. கணிப்பு தீர்மானிக்க வேண்டியது அதைத்தான்.

பூமலா பக்கம் திரும்பினால் படம் வேறு. அங்கே உயிர் பெரும்பாலும் பிழைத்துவிடும். யாருக்குச் சிறுநீரகம் கடுமையாகப் பழுதாகும், யாருக்கு டயாலிசிஸ் தேவைப்படும் என்பதே கேள்வி. பின்லாந்தில் மருத்துவமனையில் சேர்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் டயாலிசிஸுக்குப் போகிறார்கள். தாம்பெரே நகரத்து ஆய்வாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காட்டியவற்றில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது சிறுநீர்ப் பட்டைதான். சேர்க்கும் நாளில் ஒரு கோப்பைச் சிறுநீரில் பட்டையை முக்கி எடுத்து ஒரு நிமிடம் பார்க்கிறோம். புரதம் காட்டும் கட்டம் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்குப் போகிறது. எவ்வளவு அடர்ந்த பச்சையோ, பின்னால் கிரியாட்டினின் அவ்வளவு ஏறும் வாய்ப்பு. இரத்தம் காட்டும் கட்டத்துக்கும் இதே கதைதான். சர்க்கரைக் கட்டம் அபூர்வமாகத்தான் நிறம் மாறும். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தால், சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் அடிவாங்கியிருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு நோய் கடுமையாகவே போகிறது. கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே புரதம் வந்துவிடுவதால்தான் இந்தப் பட்டைக்கு இவ்வளவு மதிப்பு.

அதே ஆய்வாளர்கள் ஒரு பொறியையும் காட்டினார்கள். காய்ச்சல் வந்தவருக்கு உடனே எழுதும், உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை, பூமலாவில் சிறுநீரகத்தின் கதி என்ன என்பதைச் சொல்வதில்லை. சி.ஆர்.பி. அதிகம் என்று பயப்படுவதும், குறைவு என்று நிம்மதியடைவதும் இரண்டுமே தவறாகப் போகலாம். எதிர்ப்புச் சக்தி செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் அதைவிட நன்றாக நோயின் கடுமையோடு ஒத்துப்போகிறது. என்ன பயன், அதை எல்லா ஆய்வகத்திலும் இரவு நேரத்தில் எடுத்துத் தர மாட்டார்கள். புகைபிடிப்பவர்களுக்குச் சிறுநீரக பாதிப்பு அதிகம் என்பதையும் அங்கேயே கண்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும், கேளுங்கள்.

மரபணு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் ஹெச்.எல்.ஏ. மரபணு வகைகளில் பி8, டி.ஆர்.3 இரண்டும் சேர்ந்து உள்ளவர்களுக்குப் பூமலா கடுமையாகவும், பி27 உள்ளவர்களுக்கு லேசாகவும் வருகிறது. பி35இன் ஒரு பிரிவு சின் நோம்ப்ரேயின் கடுமையோடு தொடர்புடையது. விஞ்ஞானத்துக்கு இவை பொன்னான தகவல்கள், ஏனென்றால் நோயை முற்றவைப்பதில் நம் எதிர்ப்புச் சக்திக்குப் பங்கு உண்டு என்பதற்கு இவை சாட்சி. படுக்கையருகே இவற்றால் எந்தப் பயனும் இல்லை. முடிவு வருவதற்குள் நோயாளி தேறியிருப்பார் அல்லது போயிருப்பார்.

வைரஸ் அளவும் ஆன்டிபாடியும் அப்படியில்லை. இரத்தத்தில் வைரஸ் அதிகம் உள்ளவர்களுக்கு நோய் கடுமையாகப் போகிறது என்பது சின் நோம்ப்ரே, ஹன்டான் இரண்டிலும் பார்க்கப்பட்டது. மறுபக்கம், மருத்துவமனையில் சேரும்போதே வைரஸை முடக்கும் ஆன்டிபாடி நன்றாக உருவாகியிருந்தவர்களுக்குச் சின் நோம்ப்ரே லேசாகப் போனது. வைரஸ் ஓடுகிறது, எதிர்ப்புச் சக்தி துரத்துகிறது. யார் முந்துகிறார் என்பதைக் காட்டும் இரண்டு எண்கள் இவை. சிலியில் நோயிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவை (ஆன்டிபாடி உள்ள இரத்தத்தின் நீர்ப்பகுதியை) ஏற்றிப் பார்த்தது இந்த எண்ணத்தில்தான். 29 பேருக்கு ஏற்றினார்கள், 4 பேர் இறந்தார்கள். வழக்கமான இறப்பைவிட அது குறைவு. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை இல்லை என்பதால் அதை நம்பிக்கை தரும் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்டிஸ் வைரஸில் கணிப்பை இன்னும் பின்னுக்கு, நோய் தொடங்குவதற்கு முன்புக்கே கொண்டுபோக முடியும். இது மனிதரிடமிருந்து மனிதருக்கும் தாவக்கூடியது. 2018 இறுதியில் அர்ஜென்டினாவின் எபுயென் கிராமத்தில் தொடங்கி 34 பேருக்குப் பரவி 11 பேரைக் கொன்றது அதுதான். சிலியில் நோயாளிகளின் வீட்டில் இருந்த 476 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது 16 பேருக்கு நோய் வந்தது. அவர்களில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டவர்களிடம், அறிகுறி தெரிவதற்கு ஐந்து முதல் பதினைந்து நாட்கள் முன்பே வைரஸின் மரபுப்பொருள் இரத்தத்தில் தென்பட்டது. நோயாளியோடு நெருங்கி இருந்தவர்களை மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கவைத்துக் கவனிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்தும் யாருக்கு நோய் முற்றும் என்று கணிக்க, எல்லோரும் ஒப்புக்கொண்ட மதிப்பெண் அட்டை ஒன்று ஏன் இல்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடுமையாகப் போகிறவர்களில் நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்கும், லேசாகப் போகிறவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடும் பரிசோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பரிசோதனைதான். பூமலா நோயாளிகள் 1,000 பேரில் டயாலிசிஸ் தேவைப்படப் போகிறவர்கள் 50 பேர். அதில் 45 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 190 பேரையும் தவறாக ஆபத்து என்று சொல்லும். ஆக ஆபத்து என்று அது கை காட்டுகிற 235 பேரில் உண்மையில் ஆபத்தில் இருப்பவர் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அதே பரிசோதனையைச் சின் நோம்ப்ரேக்குக் கொண்டுபோங்கள். அங்கே 1,000 பேரில் 400 பேர் கடுமையாகப் போவதாக வைத்தால், 360 பேரைச் சரியாகப் பிடிக்கும், 120 பேரைத் தவறாகச் சொல்லும். கை காட்டப்பட்டவர்களில் நான்கில் மூவர் உண்மையில் ஆபத்தில். பரிசோதனை மாறவில்லை, வைரஸ் மாறியது, அர்த்தம் தலைகீழாகிவிட்டது. 'இந்தப் பரிசோதனை 90 சதவீதம் துல்லியம்' என்று யாராவது சொன்னால் எந்த வைரஸில், எந்த நாளில் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

ஆய்வுகளிலும் ஓட்டைகள் உண்டு. நோய் அபூர்வம் என்பதால் பல ஆய்வுகள் சில டஜன் பேரை வைத்துச் செய்யப்பட்டவை. ஒரே மருத்துவமனையில் உருவான மதிப்பெண்ணை வேறொரு நாட்டில் சோதித்துப் பார்த்தது குறைவு. சீனாவில் வெள்ளையணு எண்ணிக்கை, பிளேட்லெட், ஆல்புமின், கல்லீரல் நொதிகள், இரத்தம் உறையும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து உருவாக்கிய அட்டவணைகள் உள்ளன. ஹன்டானுக்கு அவை பொருத்தமாகவே தெரிகின்றன. வெள்ளையணு தாறுமாறாக ஏறுவது அங்கே நல்ல எச்சரிக்கை மணி. என்னை உண்மையில் உறுத்துவது வேறு. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவரின் கிரியாட்டினினை எடுத்துவைத்துக்கொண்டு, 'இவருக்குச் சிறுநீரகம் பழுதாகும்' என்று கணிக்கும் ஆய்வுகள். அது கணிப்பு இல்லை, பார்த்ததைச் சொல்வது. ஐந்தாம் நாளில் சேர்ந்தவரையும் ஒன்பதாம் நாளில் சேர்ந்தவரையும் 'சேர்க்கை நாள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் போடும்போது இது தானாகவே நடந்துவிடுகிறது.

நடைமுறைக்கு வருவோம். நுரையீரல் வகை பரவும் இடத்தில் எலிப்புழுக்கை கிடந்த அறையைப் பெருக்கியவருக்கு, அல்லது எலி நடமாட்டமுள்ள கொட்டகையில் தங்கியவருக்கு, ஒன்று முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சலும் தொடைவலியும் வந்து, பிளேட்லெட் 1,50,000க்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிளேட்லெட்டும் ஹீமடோக்ரிட்டும் பாருங்கள். நாடி, மூச்சின் எண்ணிக்கை, ஆக்சிஜன் ஆகியவற்றை அதைவிட அடிக்கடி. மூச்சு வேகமாகத் தொடங்கிய அந்த நேரத்திலேயே எக்மோ உள்ள மருத்துவமனையைத் தொலைபேசியில் அழையுங்கள். லாக்டேட் ஏறியபின் அழைத்தால் ஆம்புலன்ஸில்தான் சரிவார். சிறுநீரக வகையில் அவ்வளவு பதற்றம் வேண்டாம். முதல் நாளே சிறுநீர்ப் பட்டை, தினமும் பிளேட்லெட், கிரியாட்டினின், உடல் எடை, எவ்வளவு சிறுநீர் போகிறது என்ற கணக்கு. ஹன்டான் என்றால் காய்ச்சல் விடும் நாளில் இரத்த அழுத்தத்தின் மேல் கண் வைத்திருங்கள். சிறுநீர் பெருகத் தொடங்கி நாளைக்குப் பல லிட்டர் போகும்போது ஆபத்து பெரும்பாலும் கடந்துவிட்டது. ஆனால் அப்போது உப்புகளும் சேர்ந்து வெளியேறும், சோடியமும் பொட்டாசியமும் பார்த்தே தீர வேண்டும்.

நோயாளியின் குடும்பத்தார் இதைப் படித்தால், உங்களால் மட்டுமே தரக்கூடிய ஒரு தகவல் இருக்கிறது. முதன்முதலில் உடல் சுட்டது எந்தத் தேதியில், காலையா மாலையா என்று நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். எலி இருந்த இடத்துக்குப் போன தேதியையும் அதன் கீழே எழுதுங்கள். மருத்துவமனை மாற்றினால் அந்தத் தாளும் நோயாளியோடு போகட்டும். ஆய்வகத்திலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணையும் மருத்துவர் அந்தத் தேதியிலிருந்து எண்ணித்தான் படிக்க வேண்டியிருக்கும்.